மூணு லேயர் டேங்க் வாங்கினால் டைக் சுவர் வேண்டாமா?

கேள்வி: மண்டபம் பக்கம் மீன் பதப்படுத்தும் கூடம் நடத்துகிறோம். ஆர்.ஓ. பிளான்டுக்காக 2,000 லிட்டர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் டேங்க், 500 லிட்டர் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், குளோரின் திரவம்) டேங்க் வாங்கப்போகிறோம். மூணு லேயர் டேங்க் எடுத்தால் கசிவைப் பிடிக்கச் சுற்றிக் கட்டும் டைக் சுவரே தேவையில்லை என்கிறார் கடைக்காரர். கொத்தனாரோ இரண்டையும் ஒரே செங்கல் தொட்டிக்குள் வைத்து, மழைத்தண்ணீர் போக அடியில் ஒரு பைப் விட்டால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை.

மூணு லேயர் என்பது ஒரே சுவருக்குள் ஒட்டிக்கிடக்கும் அடுக்குகள். வெயிலையும் பாசியையும் தடுக்கத் தண்ணீர் டேங்கில் வைப்பது. கசிவு பெரும்பாலும் வால்வு பொருத்திய இடத்தில்தான் தொடங்கும். அங்கே எத்தனை லேயர் இருந்தும் பயனில்லை. டைக் என்றால் டேங்குக்கு வெளியே இடைவெளி விட்டு நிற்கும் தனித் தொட்டி. தவிர, தண்ணீர் டேங்க் தண்ணீரின் அடர்த்தியான 1-க்குச் செய்தது. 33 சதவீத ஆசிடின் அடர்த்தி சுமார் 1.16. கெமிக்கல் டேங்க் என்றே கேளுங்கள். ரசாயனத்தின் பெயர், சதவீதம், டேங்க் தாங்கும் அடர்த்தி (1.5 இருந்தால் நிம்மதி) மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஒரே தொட்டி வேண்டவே வேண்டாம். ஆசிடும் ஹைப்போவும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஆளைக் கொல்லும். டைக், குழி, பம்ப், ஹோஸ் எல்லாமே தனித்தனி.

அளவுக்கு வருவோம். டேங்க் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்க வேண்டும். ஆசிடுக்கு 2,200 லிட்டர். உள்ளளவு 2.5 மீ. × 2.5 மீ. என்று வைத்து, நடுவில் டேங்க் உட்கார 1.5 மீ. சதுரத்தில் 15 செ.மீ. உயர மேடை கட்டினால், மேடை அடைக்கும் இடத்தையும் சேர்த்து 41 செ.மீ. உயரம் வருகிறது. அதை 55 ஆக்குங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது; கூரை இல்லாத 41 செ.மீ. டைக் அன்றைக்கு மழைத்தண்ணீரிலேயே வழிந்திருக்கும். காலி டேங்க் சில அங்குலத் தண்ணீரில் மிதந்து பைப்பைப் பிய்த்துவிடும் என்பதால் மேடையோடு பெல்ட் போட்டுக் கட்டுவதும் அவசியம். கூரைக்கு எஃப்.ஆர்.பி. (ஃபைபர்) ஷீட்தான், உப்புக்காற்றும் ஆசிட் ஆவியும் சேர்ந்தால் தகரம் நிற்காது.

டேங்கின் நடு உயரத்தில் ஓட்டை விழுந்தால் ஆசிட் ஒரு மீட்டருக்கு மேல் பீய்ச்சும். சுவர் அதைவிடக் கிட்டத்தில் இருப்பதால் ஆள் நடக்கும் பக்கம் பி.பி. (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) ஷீட் தடுப்பு வையுங்கள்.

கொத்தனார் சொன்ன பைப்புக்கு வருகிறேன். சுவரில் துளையே கூடாது. பைப்புக்கு வால்வு வைத்தாலும், மழைக்காலத்தில் அதைத் திறந்துவிட்டு மறந்தால் டைக் இருந்தும் இல்லாத கதைதான். அந்தப் பைப்பில் போவது கடைசியில் மன்னார் வளைகுடாவிலோ பாக் விரிகுடாவிலோதான் போய்ச் சேரும். மூலையில் 30 செ.மீ. சதுரக் குழி விட்டு, கைப்பம்பால் இறைக்கலாம். இறைக்கும் முன் பி.எச். பேப்பர் (அமிலத்தன்மை காட்டும் தாள்) போட்டுப் பாருங்கள்: 5.5-க்கும் 9-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஹைப்போ பக்கம் தண்ணீரில் குளோரின் பார்க்கும் கிட் போதும்.

வெறும் சிமென்ட் பூச்சை ஆசிட் நுரைத்துத் தின்றுவிடும். கம்பி போட்ட கான்கிரீட், மேலே வினைல் எஸ்டர் ரெசினில் எஃப்.ஆர்.பி. லைனிங். கடல் மணலும் உவர்த்தண்ணீரும் கலந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வெடிக்கும். நல்ல தண்ணீர் லாரியில் வாங்கித்தான் ஆக வேண்டும். கான்கிரீட் 28 நாள் கழித்து, நன்றாகக் காய்ந்த பிறகே லைனிங். ஈரத்தில் ஒட்டினால் கொப்புளம் விட்டு உரியும். இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக்கில் வார்த்த ரெடிமேட் டைக் தொட்டி கிடைக்கிறது. 500 லிட்டர் ஹைப்போவுக்கு அதுவே மேல்.

ஹைப்போ சூட்டில் சிதைந்து ஆக்சிஜன் விடும். சாதா பால் வால்வை (உள்ளே பந்து சுழலும் வால்வு) மூடினால் உள்ளே சிக்கும் திரவம் அழுத்தம் ஏறி வால்வையே உடைக்கும். அழுத்தம் வெளியேறப் பந்தின் பக்கத்தில் சிறு துளையிட்ட வால்வு கேளுங்கள். எஸ்.எஸ். போல்ட் இரண்டு டேங்குக்குமே ஆகாது.

லைனிங் முடிந்ததும் 41 செ.மீ. வரை தண்ணீர் நிரப்பி, கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் விரற்கடை அளவு இறங்கினாலும் மீதிப் பணத்தை நிறுத்திவையுங்கள்.