பள்ளிச் சுகாதாரம்: கேள்வி – பதில்

இந்த மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களுக்குப் பதில் தருகிறோம்.

அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்திருக்கிறேன். மூன்று இடைநிலைப்பள்ளிகளுக்குப் போகும் சுகாதாரக் குழுவுக்கு மேற்பார்வை டாக்டர் என்று என் பெயரைப் போட்டுவிட்டார்கள். ஊசி போடும் நாளெல்லாம் நானும் பள்ளிக்குப் போக வேண்டுமா?
*மருத்துவ அதிகாரி*

வேண்டியதில்லை. காலையில் வெளிநோயாளிகளை விட்டுவிட்டுப் போகவும் உங்களால் முடியாது. படிவம் 1 (இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பு) மாணவிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி (2010 முதல் நடக்கிறது), படிவம் 3-இல் டெட்டனஸ், படிவம் 4-இல் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறுக்கான பரிசோதனை (2016 முதல்) எல்லாவற்றையும் தாதியரே நடத்துகிறார்கள். நீங்கள் இல்லாத இடத்தில் உங்கள் பொறுப்பில் நடக்கும் வேலை என்பதால், நீங்கள் எழுதி வைத்திருப்பதும் முன்கூட்டியே சரிபார்த்திருப்பதும்தான் அங்கே உங்களுக்குப் பதிலாக நிற்கும்.

முதலில் அவசர மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் 1 மில்லிக்கு 1 மில்லிகிராம் உள்ள ஆம்பூல் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். பக்கத்திலேயே 1 மில்லி சிரிஞ்சும், தொடைத் தசையை எட்டும் 25 மில்லிமீட்டர் ஊசியும் இருக்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் ஓர் அட்டையை ஒட்டுங்கள்: 30 கிலோவுக்கு 0.3 மில்லி, 40 கிலோவுக்கு 0.4, 50 கிலோவும் அதற்கு மேலும் 0.5. தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில், தசையில் போட வேண்டும். தேறவில்லை என்றால் 5 நிமிடம் கழித்து மறுபடியும். கை நடுங்கும் நேரத்தில் கிலோவுக்கு 0.01 என்று யாராலும் பெருக்கிக்கொண்டிருக்க முடியாது. டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்காமலே தாதி இதைப் போடலாம் என்பதும் உங்கள் கையெழுத்தோடு அந்தப் பெட்டியில் இருக்கட்டும். தோட்டத்துப் பக்கம் சில இடங்களில் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது.

அடுத்தது குளிர்பெட்டி. தடுப்பூசிக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி. நம் ஊர் வெயிலைப் பார்த்து எல்லோரும் சூட்டுக்குத்தான் பயப்படுவார்கள். எச்.பி.வி., டெட்டனஸ் இரண்டையும் சட்டென்று பாழாக்குவது உறைதல். ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே மருந்தை ஒட்டி வைத்தால், வேன் பள்ளியை அடைவதற்குள் மருந்து உறைந்துவிடும். பேக்கை வெளியே வைத்து, ஆட்டும்போது உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே அடுக்க வேண்டும். வெப்பமானி மருந்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஐஸ் பேக்கின் மேல் வேண்டாம். உறைந்த மருந்து உருகிய பின் பார்வைக்குச் சாதாரணமாகவே தெரியலாம். சந்தேகப்பட்டால் போடாதீர்கள்.

மூன்றாவதாகச் சொன்னாலும் இதுதான் உங்கள் முக்கிய வேலை: பரிந்துரைக் கடிதங்கள். கண் பார்வை குறைவு, இதயத்தில் முணுமுணுப்பு, வளைந்த முதுகெலும்பு, மிகையான உடல் எடை என்று குழு கண்டுபிடித்து எழுதித் தரும். கடிதம் மாணவனின் புத்தகப்பையோடு வீட்டுக்குப் போகும், பல நேரம் அங்கேயே கிடக்கும். அப்பா அம்மாவுக்கு மலாய்க் கடிதம் முழுசாகப் புரிந்திருக்காது. புரிந்தாலும், ஈப்போ மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்: பெயர், காரணம், பெற்றோரின் கைப்பேசி எண், அனுப்பிய தேதி, வந்தாரா, என்ன முடிவு. நான்கு வாரம் கழித்து ‘வந்தாரா’ கட்டம் காலியாக இருந்தால் தாதி போன் செய்ய வேண்டும். பதில் சொல்பவர் தமிழில் பேசுகிறவர் என்றால் தமிழ் தெரிந்தவரே பேசட்டும். மாதம் ஒருமுறை அந்தப் புத்தகத்தை நீங்களே உட்கார்ந்து புரட்டுங்கள். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற கணக்கு அலுவலகத்துக்குத் தானாகப் போய்ச் சேரும். எத்தனை பேர் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்க உங்களை விட்டால் ஆள் இல்லை.

ஊசி போட்ட அன்று ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். கால் மணி நேரத்தில் இன்னும் ஏழெட்டுப் பேர் விழுந்து, சிலர் அலறவும் தொடங்கினர். மருந்தில் கோளாறா? பூசாரியைக் கூப்பிடச் சொல்லிச் சில பெற்றோர் நெருக்கினார்கள்.
*ஆசிரியை*

முதல் மாணவிக்கு வந்தது பெரும்பாலும் சாதாரண மயக்கம். தோட்டத்துப் பிள்ளைகள் விடிவதற்கு முன்பே வேன் ஏறுகிறார்கள், பலர் பசியாறாமல். வெறும் வயிறு, புழுக்கம், முன்னால் நிற்பவளின் கையில் ஊசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நீண்ட வரிசை: இது போதும். முகம் வெளுத்து, வியர்த்து, நாடி மெதுவாகும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். ஆபத்தான ஒவ்வாமை வேறு மாதிரி இருக்கும். நாடி வேகமாக ஓடும், தோல் தடிக்கும், உதடு வீங்கும், மூச்சில் விசில் சத்தம் வரும், படுக்கவைத்தாலும் சரியாகாது. அப்போது தாமதிக்காமல் அட்ரினலின்.

அடுத்தடுத்து விழுந்தவர்களைப் பயம் தொற்றியிருக்கிறது. பதற்றத்தால் வரும் இந்த எதிர்வினையை உலகச் சுகாதார நிறுவனமும் தனியாக வகைப்படுத்தியிருக்கிறது. “நடிக்கிறாள்” என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு நெஞ்சு படபடப்பதும் கை மரத்துப்போவதும் உண்மை. ஒவ்வொருவருக்கும் நாடி, இரத்த அழுத்தம், மூச்சு, தோல் பார்த்து எழுதிவைத்துவிட்டு, ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி தனித்தனி அறையில் படுக்க வையுங்கள். ஒரு அறைக்குப் பெரியவர் ஒருவர் போதும், மெதுவாகப் பேசுகிறவராக இருக்கட்டும். தேவையில்லாமல் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டுவது, சைரனோடு ஆம்புலன்ஸ் வருவது, கைப்பேசியில் படம் பிடிப்பது எல்லாம் அடுத்த அறைக்குப் பயத்தைக் கொண்டுபோகும். பூசாரி விஷயமும் அப்படித்தான். வீட்டுக்குப் போனபின் குடும்பத்தார் விருப்பம். பள்ளித் திடலில் வேப்பிலை அடித்தால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் இன்னும் நான்கு பேர் விழுவார்கள்.

அடுத்த முறை ஓய்வு நேரத்துக்குப் பிறகு, சாப்பிட்ட வயிற்றோடு போடச் சொல்லுங்கள். அறைக்குள் ஒரே சமயத்தில் ஐந்து பேர், ஊசி மேசைக்கு முன் ஒரு திரை, ஒரு கதவால் வந்து மறு கதவால் வெளியேறுவது. உட்காரவைத்தே போட வேண்டும், 30 நிமிடம் உட்காரவைத்தே கவனிக்க வேண்டும். முன்பு மயங்கிய பிள்ளையை வரிசையில் நிறுத்தாமல் முதலிலேயே படுக்கவைத்துப் போட்டுவிடுங்கள். மருந்தின் தொகுதி எண்ணோடு நடந்ததை மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.வுக்கு அறிவிப்பது டாக்டரின் பொறுப்பு. அன்று மாலைக்குள் பெற்றோருக்கு ஒரு கடிதம் போனால், வாட்ஸ்அப் வதந்திக்கு முன்னால் உண்மை போய்ச் சேரும்.

மகனும் மருமகளும் சிங்கப்பூரில் வேலை. பேத்தியின் ஊசிப் பாரத்தில் நான் கையெழுத்துப் போட்டால் செல்லுமா?
*பாட்டி*

சட்டப்படி நீங்கள் பாதுகாவலராக இருந்தால் செல்லும். இல்லாவிட்டால் பேத்தியின் அப்பாவோ அம்மாவோ போட வேண்டும். இந்த ஊசி அவசர சிகிச்சை இல்லை. அன்று விட்டுப்போனால் அவர்கள் விடுமுறைக்கு வரும்போது கிளினிக்கில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். பாரத்தின் ஓரத்தில் மகனின் போன் எண்ணை எழுதிவிடுங்கள் அம்மா, தாதி பேசிக்கொள்வார்.

படிவம் 4 படிக்கும் மகனுக்கு எம்.சி.எச். 22 என்று வந்திருக்கிறது. தலசீமியாவா? “வெளியே சொல்லாதே, நாளைக்குப் பெண் கிடைக்காது” என்கிறார்கள் உறவினர்கள். இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?
*தாய்*

எம்.சி.எச். என்பது ஒரு சிவப்பணுவில் சராசரியாக எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்ற அளவு. அது 27 பைக்கோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த பரிசோதனை என்பது வழக்கம். 22 என்பதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் இருக்கலாம்: இரும்புச்சத்துக் குறைவு அல்லது தலசீமியா மரபணுவைச் சுமப்பது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எது என்று ஃபெரிட்டினும் (உடலில் சேமித்த இரும்பின் அளவு) ஹீமோகுளோபின் பகுப்பாய்வும் சொல்லும். இரும்புக் குறைவு அதிகமாக இருந்தால் பீட்டா தலசீமியாவின் அடையாளம் மறைந்துபோகலாம், ஆல்ஃபா வகைக்கு டி.என்.ஏ. பரிசோதனை தேவைப்படலாம். ஆகவே முடிவு தாமதமானால் பதற வேண்டாம். ஃபெரிட்டின் பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுக்காதீர்கள்.

மரபணுவைச் சுமப்பவர் நோயாளி இல்லை. பந்து விளையாடலாம், எந்த வேலைக்கும் போகலாம். கணவன் மனைவி இருவருமே பீட்டா தலசீமியாவைச் சுமந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, கடும் நோயோடு பிள்ளை பிறக்க. பெண் பார்க்கும்போது சொல்ல வேண்டிய விஷயம் இது, ஒளித்தால்தான் ஆபத்து. கூடப் பிறந்தவர்களுக்கும் இரத்தம் எடுத்துப் பாருங்கள். முடிவு மூடிய உறையில் உங்களிடம் வர வேண்டும். வகுப்பில் பெயர் வாசித்திருந்தால் தைரியமாகப் புகார் செய்யுங்கள்.

குழுவினருக்கு ஒரு வார்த்தை: இரத்தம் எடுத்ததும் ஊதா மூடிக் குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டுங்கள். குலுக்கக் கூடாது. இரத்தம் உறைந்துவிட்டது என்று ஆய்வகம் திருப்பி அனுப்பினால், அதே பையனை மறுபடி குத்த வேண்டிவரும்.

மாணவி ஒருத்தி தாதியிடம் தனக்கு நடந்த ஒன்றைச் சொல்லி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். டாக்டர் என்ன செய்ய வேண்டும்?
*பள்ளி ஆலோசகர்*

சாதாரண அந்தரங்கத்தைக் காப்பாற்றலாம். பாலியல் கொடுமை, அடி உதை, கைவிடப்படுதல் என்று நம்பக் காரணம் இருந்தால் முடியாது. 2001 சிறார் சட்டம், பிரிவு 27-இன்படி டாக்டர் சமூகநல இலாகாவின் பாதுகாவல் அதிகாரியிடம் தெரிவித்தே ஆக வேண்டும். 2017-இன் சிறாருக்கெதிரான பாலியல் குற்றச் சட்டத்தில், தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம், யாராக இருந்தாலும். 16 வயதுக்குக் கீழே “அவளும் சம்மதித்தாள்” என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே பேச்சைத் தொடங்கும்போதே, “சிலவற்றை நான் மேலே சொல்லியாக வேண்டும்” என்று தாதி சொல்லிவிடட்டும். பிறகு சத்தியத்தை மீறினார் என்ற பழி வராது. மாணவியைத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். அவள் சொன்னதை அவள் சொன்ன சொற்களிலேயே எழுதி நிறுத்துங்கள். தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999, இரவிலும் எடுப்பார்கள்.

மகள் மருத்துவம் முடிக்கப் போகிறாள். பள்ளிச் சுகாதாரம் மட்டும் பார்க்கும் டாக்டர் வேலை உண்டா?
*தந்தை*

தனி வேலையாக எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு வருடப் பயிற்சி மருத்துவம், முழுப் பதிவு, அதன்பின் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவ அதிகாரி. தாய் சேய் நலம், சர்க்கரை நோய், வெளிநோயாளிகள் இவற்றோடு பள்ளிகளும் சேர்ந்து வரும். இந்தத் துறையிலேயே நிலைக்க விரும்பினால் குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கட்டும். தோட்டப் பக்கம் மாற்றல் கேட்டால் பெரும்பாலும் போட்டி இருக்காது.