பச்சைச் சுவர், சிவப்புத் தரை: இன்னொரு கோட் அடித்தால் சரியாகுமா?

கேள்வி: கும்பகோணத்தில் எங்களுடையது பழைய வீடு. ஹாலில் சிவப்பு ஆக்சைடு தரை. ஷேட் கார்டைப் பார்த்து மெல்லிய பச்சை தேர்ந்தெடுத்தோம். அடித்து முடித்தால் ஆஸ்பத்திரி மாதிரி பச்சைப்பசேல் என்று இருக்கிறது. இரவில் இன்னும் மோசம். சுவரின் அடிப்பக்கம் மட்டும் அழுக்காகத் தெரிகிறது. "இன்னொரு கோட் கொடுத்தால் செட் ஆகிவிடும், 20 லிட்டர் வாளி ஒன்று வாங்குங்கள்" என்கிறார் பெயிண்டர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. அதே பெயிண்டைப் பத்து கோட் அடித்தாலும் அதே பச்சைதான். கோளாறு வாளியில் இல்லை, தரையில் இருக்கிறது.

சிவப்புக்கு எதிர் நிறம் பச்சை. இரண்டும் பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். வெற்றிலை மேல் குங்குமம் வைத்துப் பாருங்கள், தெரியும். நீங்கள் ஆஸ்பத்திரி என்று சொன்னதும் பொருத்தம்தான். 1914-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர், வெள்ளை அறையில் கண் கூசுகிறது என்று, ரத்தச் சிவப்புக்கு எதிர் நிறமான கீரைப் பச்சையை ஆப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுவந்தார். அதே ஜோடி இப்போது உங்கள் ஹாலில்.

அடிப்பக்க அழுக்குக்கும் தரையே காரணம். வெயில் தரையில் பட்டு, சிவப்பு வெளிச்சமாகச் சுவரில் ஏறுகிறது. பச்சையில் சிவப்பு விழுந்தால் மங்கிப்போகும். கை வைத்துப் பாருங்கள், ஈரமாக இருந்தால் அது ஓதம், அது வேறு கதை.

முதலில் டியூப் லைட்டை மாற்றுங்கள். பெட்டியில் 6500கே என்று போட்டிருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை, பச்சையை வெளிறவைக்கும். 3000 அல்லது 4000கே போட்டு ஒரு வாரம் இருந்து பாருங்கள். இரவுப் பிரச்சினை பாதி அதிலேயே தீரலாம்.

அப்புறமும் பிடிக்கவில்லை என்றால்தான் பெயிண்ட். உங்கள் தரைக்குச் சந்தன நிறமோ, மஞ்சள் சாயல் உள்ள வெள்ளையோ நன்றாக இருக்கும். பச்சையே வேண்டுமென்றால் சாம்பல் கலந்த பச்சை. கடையில் ஷேட் கார்டின் தபால்தலை அளவுத் துண்டைக் காட்டி நான்கு சுவருக்கு முடிவெடுக்கச் சொல்கிறார்கள், மெஷினில் கலந்துவிட்டால் திரும்ப வாங்க மாட்டோம் என்கிறார்கள். இது என்ன நியாயம்? நீங்கள் 1 லிட்டர் மட்டும் கலந்து வாங்குங்கள். பெரிய வெள்ளை சார்ட் தாளில், ஓரம் விட்டு, இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். தரையைத் தொடும்படி நிறுத்தி காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். இப்போதுள்ள பச்சைச் சுவரிலேயே திட்டுத் திட்டாக அடித்துப் பார்க்க மட்டும் சம்மதிக்காதீர்கள். பச்சைக்கு நடுவில் எந்த வெள்ளையும் ரோஸாகத்தான் தெரியும்.

ஹால் முழுக்க ஒரே ஷேட் போதும். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை: ஜன்னல் இருக்கும் சுவர். வெளிச்சம் அந்தச் சுவர் வழியாக உள்ளே வருகிறதே தவிர, அதன்மேல் விழுவதில்லை, எதிர்ச் சுவரில்தான் விழுகிறது. அதனால் ஒரே டப்பா பெயிண்ட் அங்கே ஒரு படி கறுத்துத் தெரியும். ஜன்னலின் பளீர் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் இன்னும் கறுக்கும். ஆகவே அதற்கு மட்டும் ஒரு ஷேட் வெளிறியதாக எடுங்கள். எதிரெதிரே இரண்டு சுவரிலும் ஜன்னல் இருந்தால் இது தேவையில்லை. முற்றம் பார்த்த சுவர் என்றால் கதவைத் திறந்துவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இனி அந்த 20 லிட்டர். 12-க்கு 14 ஹால், 10 அடி உயரம் என்றால் சுவர் 520 சதுர அடி. கதவு, ஜன்னல் போக 440. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 80 சதுர அடி என்று குறைத்தே வைத்தாலும் ஐந்தரை லிட்டர். 20 எதற்கு? பல வாளிகளுக்குள் பெயிண்டர் பணமாக மாற்றிக்கொள்ளும் டோக்கன் வைத்திருக்கிறார்கள், சில கடைகள் தனியாகக் கமிஷனும் தருகின்றன. உங்கள் பெயிண்டர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அளவு சொல்கிறவருக்கே அளவில் லாபம் வைத்த ஏற்பாடு கெட்டது. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. டேப் பிடித்து நீங்களே அளந்து, கடைக்கும் நீங்களே போய், பில்லோடு வாங்குங்கள். "வாளியாக எடுத்தால் மலிவு" என்பார்கள். மீதி 14 லிட்டர் மாடிப்படிக்கு அடியில் கட்டியாகிப் போகும்.

வாங்கியதும் டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் ஷேட் நம்பர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் டச்சப் செய்யும்போது அது இல்லாமல் அதே நிறம் கிடைக்காது.