இளவேனிலில் மலையேறி வரைய: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்ற பங்குனியில் நானும் தோழியர் இருவரும் கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை வரை நடந்து, வழியெல்லாம் நின்று நின்று நீர்வண்ணத்தில் வரைந்தோம். ஆளுக்கு ஐந்தாறு படங்கள் வரைந்தும் ஒன்றுகூட நிறைவாக வரவில்லை. தொலைவு மலைகள் வெட்டி ஒட்டியவைபோலத் தெரிகின்றன. பச்சை செயற்கையாக இருக்கிறது. அங்கே பளிச்சென்றிருந்த படம் வீட்டில் இருண்டு கிடக்கிறது. இவ்வாண்டு எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதலில் படங்களின் எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளுங்கள். நடப்பதற்கு ஒரு நேரம், வரைவதற்கு ஒரு நேரம் என்று பிரித்துவிட்டு, போகும்போது தூரிகையைத் தொடாமல் பாதை முழுவதையும் பார்த்து நடந்து, திரும்பும் வழியில் மனத்தில் நின்ற ஓரிடத்தில் மட்டும் அமருங்கள். அதே காட்சியை இரண்டு முறை வரையுங்கள். பிரான்ஸின் தெற்கே 1,011 மீட்டர் உயரமுள்ள செயின்ட் விக்டோர் மலையை ஓவியர் பால் செசான் 1906இல் இறக்கும்வரை திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார். ஓரிடத்தில் இருந்தபடியே சற்று வலமும் இடமும் சாய்ந்து பார்த்தால் மாதக்கணக்கில் வரைய விஷயம் கிடைக்கும் என்ற பொருளில் அவர் தம் மகனுக்குக் கடிதமும் எழுதினார். மலையை வரைபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள அறிவுரையை நான் அறிந்ததில்லை.

தொலைவு மலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம் அந்த மலையன்று, இடையிலுள்ள காற்று. காற்றின் மூலக்கூறுகள் சிவப்பொளியைவிட நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதால், மலை தள்ளிப் போகப் போக அந்த நீலம் அதன்மேல் படிந்துகொண்டே வருகிறது. பங்குனி, சித்திரையில் சமவெளியின் தூசியும் புகையும் சேர்வதால், வைகைச் சமவெளியை நோக்கிய தென்சரிவில் அந்த நீலமும் வெளுத்துச் சாம்பலை ஒத்துவிடும். ஆகவே அல்ட்ராமரைன் நீலத்தில் சிறிது பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணம் கலந்து, மிகத் தொலைவான தொடரை நீர்த்த கலவையால் முதலில் இடுங்கள். அதன் மேல்விளிம்பு தெளிவாக இருக்கட்டும். கீழ்விளிம்பை மட்டும் ஈரம் காயுமுன் வெறும் நீர் தோய்த்த தூரிகையால் கரைத்துவிடுங்கள். பள்ளத்தாக்கில் பனிமூட்டம் தங்கும் இடம் அதுதான். நன்றாகக் காய்ந்த பிறகு, அடுத்த தொடரைச் சற்று அடர்த்தியாக, அதே முறையில் இடுங்கள். உங்கள் மலைகள் வெட்டி ஒட்டியவைபோல் தெரிந்ததற்கு, இரு விளிம்புகளையும் ஒரே கூர்மையில் விட்டதே காரணமாக இருக்க வேண்டும்.

பச்சையைப் பொறுத்தவரை, சோலைக்காட்டை இன்னும் உற்றுப் பார்க்குமாறு வேண்டுகிறேன். இளவேனிலில் அது முழுப் பச்சையாக இருப்பதே இல்லை. நாவல் இனத்து மரங்கள் பலவும் அப்போது செம்புச் சிவப்பில் தளிர்விடுவதால், மரத்தின் முடிகள் சிவந்தும் பொன்னிறமாகவும் தெரியும். மாந்தளிர் நிறம் என்று நாம் புடவைக்குச் சொல்கிறோமே, அந்த நிறத்தைக் காடு முழுவதும் காணலாம். பெட்டியிலுள்ள ஆயத்தப் பச்சையை அப்படியே பூசாமல், நீலமும் மஞ்சளும் கலந்து, அதில் ஒரு துளி சிவப்பைச் சேர்த்தால் செயற்கைத்தன்மை போய்விடும்.

வீட்டில் படம் இருண்டதற்குக் காரணம் வெயில். நேர்வெயில் விழும் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசச் செய்வதால், நம்மையறியாமல் வண்ணத்தை அடர்த்தியாக இடுகிறோம். உங்கள் தலைக்கு மட்டுமின்றித் தாளுக்கும் நிழல் வேண்டும்.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் காலை தெளிவாக இருந்தாலும், வெயில் ஏறியதும் சரிவிலிருந்து ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடிமழையாகிவிடுவது மலையில் வழக்கம். விடிந்ததும் கிளம்பி, நண்பகலுக்குச் சற்றுப் பின் தாளை மடக்கிவிடுங்கள். டால்பின் நோஸுக்குப் போகும்போது இறக்கம் என்பதால், திரும்பும்போது வேர்கள் பின்னிய பாதையில் ஏற வேண்டியிருக்கும். அதற்கு மூச்சும் நேரமும் மிச்சம் இருக்க வேண்டும். மூடுபனி வந்துவிட்டால் தாள் எளிதில் காயாது. அப்போது வண்ணத்தை வைத்துவிட்டுப் பென்சிலை எடுங்கள்.

கேள்வி: சிவந்த பூக்கள் நிறைந்த காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்) மரத்தை வரைய ஆசை. அதற்காகக் காட்டுக்குள் செல்லலாமா?
(வாசகர், தேனி)

பதில்: காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றிச் செல்லக் கூடாது. இளவேனில் காட்டுத்தீயின் காலமும் ஆகையால், அனுமதியுள்ள பாதைகளையும் அப்போது மூடுவதுண்டு. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி உயிரிழந்ததை உங்கள் மாவட்டத்தவருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மூடியிருந்தால் மூடியதுதான். சாலையோரத்தில் ஒரு மரம் கிடைத்தாலும் வரைவதற்கு அது போதும். காட்டுமாடு அருகில் மேய்ந்தால் மட்டும், படம் பாதியில் இருந்தாலும் எழுந்து விலகிவிடுங்கள்.

அந்தப் பூவை வரையும்போது, பூ வரும் இடங்களை வெள்ளைத் தாளாகவே விட்டுவைத்து இலைகளை முடித்துவிட்டு, கடைசியில் சிவப்பை இடுங்கள். நீர்வண்ணம் ஒளி ஊடுருவக்கூடியது என்பதால், பச்சையின்மேல் இட்ட சிவப்பு பழுப்பாகிவிடும். சில வண்ணங்களில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் இருப்பதால், தூரிகை கழுவிய நீரை ஓடையிலோ மரத்தடியிலோ ஊற்றாமல், தனியாக ஒரு புட்டியில் அடைத்துக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.