பழசு வாங்கலாமுங்களா? மோட்டார் முதல் மெத்தை வரை: கேள்வி பதில்

பெருந்துறைப் பக்கம் வைண்டிங் கடை வெச்சிருக்கேனுங்க. பழைய மோட்டார், கிரைண்டர், தையல் மெஷின் வாங்கிச் சரி பண்ணி விக்கறதும் உண்டு. வண்டியும் போனும் என் தொழில் இல்லை. அதுல நானும் உங்களாட்டம் வாங்கற ஆளுதான். வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையில எழுதியிருக்கேன்.

காங்கேயத்திலிருந்து ஒரு விவசாயி: பக்கத்துத் தோட்டத்துக்காரர் போர் வத்திப்போச்சுங்க. 5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டாரை மேல எடுத்து ரெண்டு வருசமாச் சாளையில (தோட்டத்துக் கொட்டகையில) போட்டிருக்கார். புதுசுல பாதி விலைக்குத் தர்றேங்கறார். அவருது 600 அடியில ஓடினது. எங்களுது 350 அடி. வாங்கலாமுங்களா?

எச்.பி. ஒண்ணா இருந்தாப் போதும்னு நினைக்காதீங்க. நேம் பிளேட்டுல ஹெட் (தண்ணியை ஏத்தற உயரம்) எத்தனை மீட்டர், ஸ்டேஜ் (பம்புக்குள்ள தண்ணியைத் தள்ளற சக்கர அடுக்கு) எத்தனைன்னு பாருங்க. 600 அடியிலிருந்து ஏத்தறதுக்குன்னு கட்டின பம்பு அது. 350 அடியில இறக்கினா தண்ணி ஜாஸ்தியாத் தள்ளும். கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஆம்பியர் ஏறும், மோட்டார் சூடாகும். உங்க போர்ல ஊத்து கம்மின்னா கொஞ்ச நேரத்துல தண்ணியை இறக்கிட்டு வெறும் பம்பா ஓடும். மேல கேட் வால்வு போட்டு நெருக்கி ஓட்டலாம். இல்லைன்னா பம்பைப் பிரிச்சு ஸ்டேஜைக் குறைச்சு மாட்டலாம். அந்தச் செலவையும் விலையோட சேர்த்துக் கணக்குப் போடுங்க.

அதைவிடப் பெரிய விசயம், ரெண்டு வருசம் சும்மா கிடந்தது. இந்த மோட்டாரெல்லாம் உள்ள தண்ணி நிரம்பி ஓடறது. மேல கிடந்தா அந்தத் தண்ணி வத்தி, துருவும் உப்பும் ஷாப்டைத் தாங்கற புஷ்ஷைப் பிடிச்சுக்கும். பம்பைக் கழட்டிட்டு மோட்டார் ஷாப்டைக் கையில சுத்திப் பாருங்க. ஒரே சீராச் சுத்தோணும். ஒரு இடத்துல இழுத்துப் பிடிச்சாலோ, கரகரன்னு கைக்குத் தட்டுப்பட்டாலோ புஷ்ஷோ திரஸ்ட் பேரிங்கோ தேஞ்சிருக்குது. அது சரியா இருந்தா, நல்ல தண்ணி நிரப்பி ஒரு ராத்திரி ஊறவிட்டு மெக்கர் (வைண்டிங்ல கரண்டு கசியுதான்னு காட்டற மீட்டர்) வெச்சுப் பாருங்க. 1 மெகா ஓமுக்குக் கீழ காட்டினா வைண்டிங் இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. அப்புறந்தான் தொட்டியில இறக்கி ஓட்டறது. டெலிவரி வாயைத் திறந்து விட்டு ஓட்டக்கூடாது, வால்வு வெச்சு நெருக்கித்தான் ஓட்டோணும். ஆம்பியர் பாக்கற கிளாம்ப் மீட்டரை மூணு பேஸ்லயும் போட்டா மூணும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டோணும், நேம் பிளேட்டுல இருக்கறதைத் தாண்டக்கூடாது.

இதுக்கெல்லாம் அவர் ஒத்துக்கலைன்னா பழைய இரும்புக்கடை என்ன விலைக்கு எடுக்குமோ, அதுக்குக் கொஞ்சம் மேல வெச்சுக் கேளுங்க. உள்ள இருக்கற காப்பருக்கு எப்பவும் விலை உண்டு. பாதி விலைங்கறது ஓடற மோட்டாருக்கு. சாளையில படுத்திருக்கற மோட்டாருக்கு இல்லை.

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, வீட்டிலேயே தைக்கலாம்னு இருக்கேன். மூடின கம்பெனியிலிருந்து பவர் டேபிள் மெஷின் வருது, வாங்கிக்கன்னு ஒருத்தர் சொல்றார். எதைப் பார்த்து வாங்கறது?

திருப்பூர்ல இருந்துட்டுப் புது மெஷின் வாங்கறதே வீண்னு நான் சொல்லுவேன் அம்மணி. ஆர்டர் குறைஞ்சு ஒரு யூனிட் மூடினா மெஷினெல்லாம் மொத்தமா வெளிய வரும். ஜூக்கி, ஜாக் மாதிரி ஊரு பூரா ஓடற மெஷினா எடுங்க. கைவசம் பார்ட்ஸ் கிடைக்கும், மெக்கானிக்கும் தெரு முக்குலயே இருப்பார்.

முதல்ல டேபிளுக்கு அடியில குனிஞ்சு மோட்டாரைப் பாருங்க. பழைய மெஷின்ல கிளட்ச் மோட்டார் இருக்கும். சுவிட்ச் போட்டதும் ம்ம்ம்னு ஓட ஆரம்பிச்சுரும், நீங்க தைச்சாலும் தைக்காட்டியும் சுத்திக்கிட்டே கிடக்கும். சர்வோ மோட்டார் பெடலை மிதிச்சாத்தான் ஓடும். வீட்டு மீட்டர்ல ஓட்டறவங்களுக்கு இது பெரிய வித்தியாசம். மெஷின் தலை (டேபிளுக்கு மேல இருக்கற தைக்கற பாகம்) நல்லா இருந்து மோட்டார் மட்டும் கிளட்ச்சா இருந்தா, சர்வோ மாத்தற செலவைக் கழிச்சு விலை பேசுங்க.

அப்புறம் ஊசித்தட்டு. ஊசி இறங்கற ஓட்டையைச் சுத்தி விரல் நகத்தால தடவிப் பாருங்க. ஊசி குத்திக் குத்திப் பிசிறு எழும்பியிருந்தா நூலு அறும். ஓட்டை பெருசாகியிருந்தா பனியன் துணியை உள்ள இழுக்கும். தட்டு மாத்தறது சின்னச் செலவுதான். ஆனா தட்டு அந்த நிலையில இருக்குதுன்னா மெஷின் எப்படி ஓட்டப்பட்டிருக்கும்னு தெரிஞ்சுக்கலாம். கடைசியா நீங்க எந்தத் துணி தைக்கப்போறீங்களோ அதையே கொண்டுபோய் ரெண்டு மடிப்பு வெச்சு நீளமா ஒரு தையல் ஓட்டுங்க. விக்கறவர் கையில வெச்சிருக்கற காடாத் துணியில எந்த மெஷினும் நல்லாத்தான் தைக்கும்.

ஓரம் அடிக்கற ஓவர்லாக், பனியன் மடிப்புத் தைக்கற பிளாட்லாக் மெஷினெல்லாம் இப்ப வேண்டாம். வேலை வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.

கோபியிலிருந்து ஒரு தம்பி: தெரிஞ்சவர்கிட்ட பைக் வாங்கறேன். பணத்தைக் குடு, ஆர்.சி. மெதுவா மாத்திக்கலாம்னு சொல்றார்.

மெதுவாங்கற பேச்சே வேண்டாம் தம்பி. பேர் மாத்தறதுக்கான படிவம் 29, படிவம் 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கின கையோட பணத்தைக் குடு. ஆர்.சி.யில யார் பேரு இருக்குதோ அவரைத்தான் சட்டம் ஓனர்னு பாக்கும். வித்த பிறகு நடந்த விபத்துக்கும் ஆர்.சி.யில பேர் இருக்கறவர்தான் பொறுப்புன்னு 2018ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்குது. இதை அவர்கிட்டச் சொல்லிப் பாரு, அவரே உன்னைய இழுத்துட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போவார். இன்சூரன்சையும் 14 நாளைக்குள்ள உன் பேருக்கு மாத்த எழுதிக் குடுத்துரு. அவருடைய நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேக்காததுக்குக் குடுக்கற பிரீமியம் தள்ளுபடி) உனக்கு வராது, அது ஆளோட போறது.

வண்டி நம்பரை அரசாங்கத்தோட எம்பரிவாகன் ஆப்ல போட்டா லோன் இருக்குதா, இன்சூரன்ஸ் எதுவரைக்கும்னு தெரியும். லோன் இருந்தா பைனான்ஸ்காரங்க குடுக்கற என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில லோனை நீக்கறதுக்கான படிவம் 35ம் இல்லாமத் தொடாதே. 15 வருசம் ஆன வண்டின்னா பதிவைப் புதுப்பிச்சாச்சான்னு கேளு.

விலை பேசறப்ப இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22லிருந்து 350 சி.சி. வரைக்கும் இருக்கற பைக்குக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமா இறங்கிருச்சு. "புதுசு என்ன விலைன்னு தெரியுமா"ன்னு பழைய விலையைச் சொல்லிக் கேக்கறவங்க இன்னும் இருக்காங்க. ஷோரூம்ல இன்னைக்கு விலை என்னன்னு கேட்டுட்டு அதுக்கப்புறம் பேரத்துக்கு உக்காரு.

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா: பத்து வருடப் பழைய பிரிட்ஜ், 4,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நன்றாகக் குளிர்கிறது. வாங்கலாமா?

குளிருதுங்கறது சரிங்க. எவ்வளவு கரண்டுக்குக் குளிருதுங்கறதுதான் கேள்வி. கதவுல ஒட்டியிருக்கற நட்சத்திர ஸ்டிக்கர்ல வருசம் போட்டிருக்கும். அந்த அளவுகோலை அப்பப்ப இறுக்கிக்கிட்டே வர்றாங்க. அன்னைக்கு அஞ்சு நட்சத்திரம் வாங்கினது இன்னைய கணக்குல ரெண்டுக்கோ மூணுக்கோ இறங்கியிருக்கும். பிரிட்ஜ் ராத்திரி பகல் ஓடற சாமான், மிக்சி மாதிரி அஞ்சு நிமிசம் ஓட்டி நிறுத்தறது இல்லை. இதோட டெம்போ வாடகை, மாடி ஏத்தற கூலி, கேஸ் நிரப்பறது, கேஸ்கெட் (கதவு ரப்பர்) மாத்தறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மூணு நாலு வருசத்துக்குள்ள வாங்கினது, வேலை மாத்தலாகிப் போறவங்க விக்கறதுன்னா யோசிக்காம எடுங்க. கதவு இடுக்குல ஒரு ரூபாத் தாளை வெச்சுச் சாத்தி இழுத்துப் பாருங்க. லேசா உருவிக்கிட்டு வந்தா கேஸ்கெட் போச்சு.

கோவையிலிருந்து: பழைய கிரைண்டர் வாங்கலாமா, கல் தேய்ந்திருக்குமே?

தாராளமா வாங்கலாம். பழசுல வாங்கறதுக்கு இதைவிட நல்ல சாமான் இல்லைம்பேன். செய்யற ஊரே உங்க ஊருதான், கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க. பெல்ட், புஷ், கெப்பாசிட்டர் எதுவும் தேடி அலைய வேண்டியதில்லை. கல்லு வழவழன்னு ஆகியிருந்தா கொத்திக்கலாம். விரிசல் விட்டிருந்தா மட்டும் வேண்டாம். தண்ணி ஊத்தி ஓட்டிட்டு, டிரம்முக்கு அடியில ஒரு நியூஸ் பேப்பரை விரிச்சு வெச்சு டீ குடிச்சிட்டு வந்து பாருங்க. பேப்பர் நனைஞ்சிருந்தா சீல் போயிருக்குது, மோட்டாருக்குள்ளயும் தண்ணி இறங்கியிருக்கலாம்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: பழைய போன் வாங்கினால் திருட்டுப் போனாக இருந்துவிடுமோ என்று பயம்.

நட்சத்திரம், ஹேஷ், பூச்சியம், ஆறு, ஹேஷ்னு அழுத்தினா 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பர் வரும் கண்ணு. கே.ஒய்.எம்.னு ஆங்கிலத்துல அடிச்சு, இடம் விட்டு அந்த நம்பரைப் போட்டு 14422க்கு மெசேஜ் அனுப்பு. தடை செய்யப்பட்டது, ஏற்கெனவே பயன்பாட்டுல இருக்குதுன்னு பதில் வந்தா அந்தப் பக்கமே போகாதே. டப்பாவுலயும் பில்லுலயும் இதே நம்பர் இருக்கோணும். விக்கறவர் முன்னாலயே அவருடைய அக்கவுண்டை எடுக்கச் சொல்லி, ரீசெட் பண்ணி, உன் சிம்மைப் போட்டுப் பேசிப் பாத்துட்டுத்தான் பணம் குடுக்கோணும். வீட்டுக்குப் போய் பாஸ்வேர்டு அனுப்பறேங்கறவங்க அனுப்ப மாட்டாங்க.

கரூரிலிருந்து: எதைப் பழசாக வாங்கவே கூடாது?

ஹெல்மெட். ஒரு தடவை அடி வாங்கினா உள்ள இருக்கற தெர்மாகோல் நசுங்கிரும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும். கேஸ் டியூப், குக்கர் சேப்டி வால்வு. பஞ்சு மெத்தை, மூட்டைப்பூச்சிக்காக. குழந்தைக்குக் காருல மாட்டற சீட். தேய்மானம் கண்ணுக்குத் தெரியற சாமான்னா நான் தைரியமாப் பேரம் பேசுவேன். உள்ளுக்குள்ளயே செத்துப்போயிருக்கறதை எப்படிப் பேரம் பேசறது?

டயரும் வேண்டாங்கறதுதான் என் அபிப்பிராயம். வாங்கித்தான் ஆகோணும்னா பக்கவாட்டுல டி.ஓ.டி. எழுத்துக்குப் பின்னால வர்ற கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. 2319ன்னு இருந்தா 2019ஆம் வருசம் 23ஆவது வாரம் செஞ்சது. பட்டன் (டயர் மேல இருக்கற வெட்டு) ஆழமா இருக்குதுன்னு ஏமாந்துராதீங்க, ரப்பர் காஞ்சு போயிருக்கும்.

நாமக்கல்லிலிருந்து: தங்கை கல்யாணச் சீருக்குப் பழைய பீரோ, கட்டில் வாங்கலாமென்றால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

அம்மா பக்கந்தான் நானும். சீருல வெக்கறதை நாலு பங்காளி தொட்டுப் பாப்பாங்க. அதுல மிச்சம் பிடிச்சுப் பின்னால பேச்சு வாங்கறது தங்கச்சிதான், நீங்க இல்லை. மிச்சம் பிடிக்கற ஆசை இருந்தா உங்க வீட்டுக்கு வாங்குங்க. தேக்குக் கட்டில், பழைய இரும்பு பீரோ எல்லாம் இப்ப வர்ற பலகை சாமானைவிட உழைக்கும். தொட்டிலுக்கு மட்டும் இந்தப் பேச்சே கிடையாது, நாலு குழந்தை தூங்கின தொட்டில்னா கேட்டு வாங்கிட்டுப் போவாங்க.

திருச்செங்கோட்டிலிருந்து ஒரு அப்பா: பையனுக்கு 11ஆம் வகுப்புப் புத்தகம் பழசாக வாங்கினால் பாடம் மாறியிருக்குமா?

முதல் பக்கத்தைத் திருப்பினா முதல் பதிப்பு 2018, திருத்திய பதிப்பு இன்ன வருசம்னு போட்டிருக்கும். பள்ளிக்கூடத்துல இப்ப நடத்தற புத்தகத்துல என்ன வருசம் இருக்குதுன்னு ஒரு தடவை பாத்துட்டு, அதே பதிப்பா எடுங்க. நீட்டுக்குப் படிக்கறதுன்னா கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க. விடையைப் பேனாவுல குறிச்சு வெச்சிருக்கற புத்தகத்தை மட்டும் எடுக்காதீங்க, பையன் கணக்கே போட மாட்டான்.