அம்மா கேட்கும் வீடு எது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் அம்மாவுக்கு வயது 78. மறதி நோய் என்று டாக்டர் சொல்லி ஐந்து வருடம் ஆகிறது. நான்தான் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன். ஒரு வருடமாக ராத்திரியில் அவர் சரியாகத் தூங்குவதில்லை. போன மாதம் அதிகாலை மூன்று மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்தேன். தலையணை உறைக்குள் தன் துணிகளையும் டிவி ரிமோட்டையும் திணித்துக்கொண்டு, வாசல் தாழ்ப்பாளை இழுத்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாங்க" என்றார். "இதுதான் வீடு. உன் அம்மா செத்து நாற்பது வருஷம் ஆச்சு" என்று கத்திவிட்டேன். அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டவர் போல உட்கார்ந்து அழுதார்.

மறதி நோயாளிகளுக்கென்றே உள்ள ஒரு இல்லத்தில் இடம் இருக்கிறது. இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை எட்டிப் பார்க்கிற தம்பி, "பெத்த அம்மாவைக் கொண்டுபோய்த் தள்ளப் போறியா?" என்கிறான். நான் செய்யப்போவது துரோகமா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரி,

இல்லை. துரோகமில்லை. அந்த மூன்று மணியை மறுபடி நினைத்துப் பாருங்கள். சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான் அவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். இந்த நோயில் சமீபத்திய நினைவுகள் முதலில் போகும், இளமைக்கால நினைவுகள் வெகுநாள் தங்கும். அவர் கேட்பது பயமில்லாமல் இருந்த ஒரு காலத்தை. அதை நீங்களும் தரமுடியாது, எந்த இல்லமும் தரமுடியாது. பதற்றம் குறைந்த ராத்திரியை வேண்டுமானால் தரலாம். தூக்கமில்லாத ஒற்றை ஆளைவிட, ஷிப்ட் முறையில் ஆள் மாறுகிற இடத்துக்கு அது சுலபம். (கத்தியதற்காக உங்களையே வதைக்க வேண்டாம். அடுத்த முறை, "உங்க அம்மா எப்படி இருப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.)

ஆனால், "மறதி நோயாளிகளுக்கென்றே" என்ற பலகையை மட்டும் நம்பிவிடாதீர்கள். காலை பதினொரு மணிக்குச் சுற்றிக் காட்டினால் எல்லா இல்லமும் அழகுதான். பொழுது சாயும்போது போங்கள். பலருக்குப் பதற்றம் ஏறுவது அப்போதுதான். ஒருவர் கதவைத் தட்டி "வீட்டுக்குப் போகணும்" என்றால், ஊழியர் என்ன செய்கிறார்? அதட்டுகிறாரா, கையைப் பிடித்துக்கொண்டு கூட நடக்கிறாரா? எனக்கு இந்த ஒன்றே பாதி தீர்ப்பு. ராத்திரியில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்கள் என்று கேளுங்கள்.

நடக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நெதர்லாந்தில் 2009-இல் திறந்த ஹோகவெய்க் என்ற மறதி நோயாளிகள் இல்லம் ஒரு குட்டி ஊர் மாதிரி. கடை, தெரு, தோட்டம் எல்லாம் உண்டு. வெளிவாசலில் மட்டும் கண்காணிப்பு, உள்ளே இஷ்டம்போல் நடக்கலாம். அவ்வளவு வசதியை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது. முட்டுச்சந்தில் முடியாத ஒரு நடைபாதையாவது வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். மறதி நோயுள்ள முதியவர்களுக்குச் சில மனநோய் மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்தது. சிலருக்கு அவை தேவைப்படும்தான். ஆள் பற்றாக்குறைக்கு அது மருந்தில்லை. யார் எழுதித் தருகிறார், எப்போது மறுபரிசீலனை செய்கிறார் என்று கேளுங்கள். அதற்கு முன் அம்மாவை உங்கள் டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று இவைகூடத் தூக்கத்தைக் கெடுத்துக் குழப்பத்தைக் கூட்டும்.

தம்பியிடம் வாதம் வேண்டாம். பத்து நாள் வந்து அம்மாவோடு தங்கச் சொல்லுங்கள். பழிவாங்க இல்லை, உங்களுக்குத் தூக்கம் வேண்டும். அப்புறம் மூன்று பேரும் அந்த இல்லத்துக்குப் போய் வாருங்கள். சில வாரம் மட்டும் தங்கவைத்துப் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள்.

முதல் சில வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்புவார், எதற்குப் பயப்படுவார், எந்தப் பாட்டுக்கு அமைதியாவார் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். பார்க்கப் போகும்போது "நான் யார் தெரியுதா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தாலே போதும்.

அந்தத் தலையணை உறையையும் கொடுத்தனுப்புங்கள். அங்கேயும் அவர் மூட்டை கட்டுவார். கட்டட்டும்.