நாற்பதுக்கு மேல் பஜனைக் கோஷ்டியில் சேரலாமா? அண்ணாச்சி பதில்கள்

அண்ணாச்சி, எனக்கு வயது 48, பாளையங்கோட்டை. மார்கழிக்குள் தெருப் பஜனையில் சேர ஆசை. ஒரு வாத்தியமும் தெரியாது.

ஜால்ராவை எடுங்கள். லேசான வேலை என்று நினைக்க வேண்டாம், ஜால்ரா வேகம் மீறி ஓடினால் கோஷ்டியே ஓடும். ஆதிதாளம் எட்டு எண்ணிக்கை. முதலில் வெறுங்கையில் போட்டுப் பழகுங்கள்: ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. பேசிக்கொண்டே போட வந்துவிட்டால் கோஷ்டியில் உட்காரலாம்.

நாங்கள் அம்பாசமுத்திரம். ஆண்கள் பிடிக்கிற சுருதியில் பெண்களுக்குக் குரலே எழும்பவில்லை அண்ணாச்சி.

எழும்பாதும்மா. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டை. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. நடுவில் மூன்றில் வைத்தால் இரண்டு பேருக்கும் தொண்டை போகும். பாட்டைப் பங்கு போடுங்கள். ஆண்கள் எடுக்கிற பாட்டையெல்லாம் முதலில் முடித்துவிட்டு, பிறகு ஒரே தடவையாகக் கட்டையை மாற்றுங்கள். பாட்டுக்குப் பாட்டு மாற்றினால் மிருதங்கக்காரர் கோபிப்பார். அவர் வலந்தலையை, அதாவது வலது பக்கத் தோலை, சுருதியில் சேர்த்து வைத்திருப்பார், பாவம். டோலக் என்றால் இவ்வளவு வம்பு கிடையாது.

சங்கரன்கோவில் பக்கம், 52 வயது. வில்லடியில், அதான் வில்லுப்பாட்டில், உடுக்கை பழகலாமா?

பழகலாம், ஆனால் உடுக்கையைக் கடைசிக்கு வையுங்கள். நடுவிலுள்ள கயிற்றை ஒரு கை அழுத்தி அழுத்தி விட வேண்டும், மறு கை அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போக நாளாகும். பின்பாட்டில் சேர்ந்து 'ஆமா' போடுங்கள். அந்த 'ஆமா' இடம் பார்த்து விழுந்தால்தான் கதை சொல்கிறவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். அடுத்து தாளக்கட்டை, பிறகு குடம். கோயில் கொடை விழா என்றால் விடிய விடிய சம்மணம் போட வேண்டியிருக்கும். முட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும்.

வீட்டில் ஆர்மோனியம் நன்றாக வருகிறது. கோஷ்டியில் உட்கார்ந்தால் தடுமாறுகிறேன்.

வீட்டில் தாளம் உங்களுக்காகக் காத்திருக்கிறது, கோஷ்டியில் காத்திருக்காது. நாதஸ்வர மேதை காருக்குறிச்சி அருணாசலமே தன் குரு ராஜரத்தினம் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துத் தேறியவர்தான். தவறிவிட்டால் துரத்திப் பிடிக்கப் பார்க்காதீர்கள். கையை எடுத்துவிட்டு ஜால்ராவைக் கேளுங்கள், அடுத்த அடி தொடங்கும் எடுப்பில் சேர்ந்துகொள்ளலாம். சாமி பேரைத் திரும்பத் திரும்பப் பாடும் நாமாவளியில் வேகம் ஏறி ஏறி, யாரும் சைகை காட்டாமலே எல்லோரும் ஒரே இடத்தில் டக்கென்று நிற்போமே, அந்தச் சந்தோஷம் தனியாக வாசிக்கிறவருக்குக் கிடைக்காது. நம் வயதில் வேறு எதில் பத்துப் பேர் ஒன்றாக நிற்கிறோம், சொல்லுங்கள்? ஒன்று மட்டும்: யார் தவறினாலும் பாட்டு நடுவே நிறுத்தி விளக்கம் சொல்லாதீர்கள். முடிந்தபிறகு டீக்கடையில் பேசிக்கொள்ளலாம்.