குடிலில் ஈரம் 99.9, காளானோ காம்பாக நீள்கிறது: கன்ட்ரோலரை மாற்றட்டுமா?

கேள்வி: ஐயா, பெங்களூரு ஹொசகோட்டே பக்கம் 20-க்கு 30 அடி குடிலில் சிப்பிக் காளான் போடுகிறேன். ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை), ஈரம் அளக்கும் டிஹெச்டி22 சென்சார், மோட்டாரைப் போட்டு அணைக்கும் நாலு ரிலே பலகை, போர்டை இயக்கும் ஈஎஸ்பிஹோம் மென்பொருள் எல்லாம் நானே மாட்டியது. ஃபாகர் (தண்ணீரைப் பனிபோலத் தெளிப்பது) மோட்டாரைப் போடுவதும் அணைப்பதும் வீட்டில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள்தான். இரண்டு வாரமாக ஈரப்பதம் 99.9-லேயே நிற்கிறது, பைகளோ காய்கின்றன. வைஃபை போனால் கால் மணிக்கு ஒரு தடவை ரிலே ‘டக்’ என்கிறது. காளானும் காம்பு நீண்டு, குடை சிறுத்து வருகிறது. வேறு நல்ல கன்ட்ரோலர் வாங்கிவிடட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போகத்தான் வேண்டும், ஆனால் வேறு சாமானுக்கு.

காளானிலிருந்தே ஆரம்பிப்போம். காம்பு நீண்டு குடை சிறுத்தால் குடிலுக்குள் கரியமில வாயு ஏறிக் கிடக்கிறது என்று அர்த்தம். ஈரம் வெளியேறக் கூடாது என்று ஜன்னல் சாக்கையெல்லாம் இறக்கிவிட்டிருப்பீர்கள், சரிதானே? காளானும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. வித்து பரவும் நாட்களில் அது பெரிய தொல்லை இல்லை. மொட்டு வந்த பிறகு வாயு 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் ஆயிரம் பங்கு) கீழே இருந்தால்தான் குடை விரியும். ஆகவே வித்தைக் குறை சொல்லிக்கொண்டு ஹெசரகட்டாவிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஐஐஹெச்ஆருக்கு ஓட வேண்டாம். உங்கள் குடிலில் ஈரத்துக்குக் காவல் இருக்கிறது, காற்றுக்கு இல்லை.

ஒரு கரியமில வாயு சென்சார் வாங்குங்கள். கடையில் எம்கியூ135 என்ற சென்சாரைக் காட்டி இதுவும் அதுதான் என்பார்கள். நம்பாதீர்கள், அது கண்ட வாயுவுக்கும் அசையும். எஸ்சிடி41 அல்லது எம்ஹெச்-இசட்19 கேளுங்கள். மாட்டியதும் அதன் தானியங்கி அளவுத்திருத்தத்தை நிறுத்திவிடுங்கள். அவ்வப்போது வெளிக்காற்று தன்மேல் படும் என்று நம்பி, தான் பார்த்த மிகக் குறைந்த அளவையே 400 என்று எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. காளான் குடிலில் வெளிக்காற்று அந்த அளவுக்கு எங்கே வருகிறது? 800-ஐ 400 என்று பழகிக்கொண்டு, எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். எஸ்சிடி41-இல் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றும் கொடுக்கலாம். நம் ஊர் ஏறக்குறைய 900 மீட்டர். அதைக் கொடுக்காவிட்டால் கணக்கு குறைவாகக் காட்டும்.

காற்று மாற்றும் விசிறி, வாயு 950 ஆனால் ஓடட்டும், 750-க்கு இறங்கினால் நிற்கட்டும். இங்கேதான் சண்டை வரும். மார்ச், ஏப்ரல் மதியத்தில் பெங்களூரு காற்று எவ்வளவு காய்ந்தது என்று உங்களுக்கே தெரியும். விசிறி அதை உள்ளே இழுக்கும், ஈரம் சரியும், ஃபாகர் ஓடும், விசிறி அந்த ஈரத்தையும் வெளியே தள்ளும். மோட்டாரும் தண்ணீரும் வீண். விசிறி ஓடும்போது ஃபாகர் ஓடக் கூடாது, விசிறி நின்ற பின் 20 விநாடி தெளிக்கட்டும் என்று வரிசை வையுங்கள். காற்று நுழையும் பக்கம் ஈரக் கோணிப்பை தொங்கவிட்டு, ஈ வராமல் நைலான் வலையும் கட்டினால் பாதி வேலை முடிந்தது. ஃபாகரை நிமிடக்கணக்கில் ஓட்டாதீர்கள். குடைமேல் தண்ணீர் தேங்கினால் பாக்டீரியா வந்து மஞ்சள் தட்டும்.

அடுத்து அந்த 99.9. டிஹெச்டி22 மேல் தண்ணீர் கோத்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஈரம் நிறைய இருக்கிறது என்று அது சொல்ல, ஃபாகர் ஓடவில்லை, பை காய்ந்தது. எஸ்ஹெச்டி31 என்ற ஈரச் சென்சாரை வடிகட்டி மூடி போட்டதாகப் பார்த்து வாங்கி, ஃபாகர் நேராகப் படாத இடத்தில், பை உயரத்தில் தொங்கவிடுங்கள். அதன் கம்பி ஓரிரு மீட்டருக்கு மேல் போனால் தடுமாறும். தூரம் அதிகம் என்றால் நீளக் கம்பியைத் தாங்கும் ஆர்எஸ்485 மாட்பஸ் வகைச் சென்சார்தான் சரி.

எதை வாங்கினாலும் ஒரு ராத்திரி உப்பில் வைத்துப் பாருங்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று. அதற்குள் ஒரு பாட்டில் மூடி நிறையத் தூள் உப்பு, மேலே சில சொட்டுத் தண்ணீர். உப்பு கரைந்துவிடக் கூடாது, ஈர மணல் போல நிற்க வேண்டும். பக்கத்தில் சென்சாரை, உப்பில் படாமல், வைத்து, கம்பி நுழையும் ஓட்டையை டேப் போட்டு அடையுங்கள். காலையில் ஈரம் 75 காட்ட வேண்டும். வீட்டுச் சாமான் ஆனாலும் ஆய்வகத்திலும் இதே உப்பு வித்தைதான்.

கடைசியாக அந்த ‘டக்’. ஈஎஸ்பிஹோமில் வைஃபையோ ஹோம் அசிஸ்டன்ட் தொடர்போ 15 நிமிடம் இல்லாவிட்டால் போர்டு தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். அதன் அமைப்புக் கோப்பில் ஒன்றும் எழுதாவிட்டால் அதுதான் வழக்கம். அந்த நேரத்தைப் பூஜ்யம் ஆக்கினால் ரீஸ்டார்ட் நின்றுவிடும். ஆனால் அதை இன்றைக்கே செய்யாதீர்கள். இப்போது ஃபாகரை நிறுத்தும் உத்தரவு வீட்டிலிருந்து வருகிறது. ஃபாகர் ஓடும்போது தொடர்பு அறுந்தால் நிறுத்த ஆள் இல்லை, இந்த ரீஸ்டார்ட்தான் நிறுத்துகிறது. முதலில் ஈரம் 82-இல் போடு, 90-இல் அணை என்ற கணக்கை ஈஎஸ்பி32-க்குள்ளேயே எழுதுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஒரே மூச்சில் 60 விநாடிக்கு மேல் ஓடாதபடி பூட்டு போடுங்கள். சென்சாரிடமிருந்து எண் வராவிட்டால் மணிக்கு இரண்டு தடவை 20 விநாடி தெளிக்கட்டும். அதற்குக் கடிகாரமோ இன்டர்நெட்டோ வேண்டாம், போர்டே எண்ணிக்கொள்ளும். இதெல்லாம் ஆன பிறகு அந்த 15-ஐப் பூஜ்யம் ஆக்குங்கள். வீட்டு ராஸ்பெரி பைக்கு வரைபடம் போடுவதும் போனுக்குச் செய்தி அனுப்புவதும் போதும்.

உங்கள் பலகை, ரிலே பின்னில் மின்சாரம் இல்லாதபோது ‘ஆன்’ ஆகும் ரகமாக இருக்கலாம். அப்படியானால் அந்தப் பின்னைக் கோப்பில் தலைகீழ் (inverted) என்று குறித்து, துவங்கும்போது எப்போதும் அணைந்தே இருக்கும்படி எழுதுங்கள். 0, 2, 12, 15 பின்களில் ரிலே வேண்டாம். போர்டு எழும்போது அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது.

மோட்டாரை அந்த நீல ரிலேயிலேயே நேராகக் கொடுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். மேலே 10 ஆம்பியர் என்றுதான் போட்டிருக்கும், மோட்டார் கிளம்பும்போது இழுப்பது அதைவிட அதிகம். எனக்கு ஒரு தடவை உள்ளே இருக்கும் முனை ஒட்டிக்கொண்டது. போனில் ‘ஆஃப்’ என்று காட்டுகிறது, ராத்திரி முழுக்க மோட்டார் ஓடியிருக்கிறது, காலையில் போனால் கணுக்கால் அளவு தண்ணீர், கீழ்வரிசைப் பைகள் அத்தனையும் குப்பைக்குப் போயின. ரிலே ஒரு கான்டாக்டரை (மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்கும் பெரிய ஸ்விட்ச்) இழுக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை ஓட்டட்டும். ஈரத் தரை என்பதால் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். எலெக்ட்ரீஷியனை வைத்தே போடுங்கள்.

உப்பு டப்பாவில் என்ன எண் வந்தது என்று எழுதுங்கள். புதுச் சென்சாரே 75-க்கு ஐந்து புள்ளிக்கு மேல் தள்ளிக் காட்டினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று புள்ளி என்றால் கோப்பில் கூட்டியோ கழித்தோ கொள்ளலாம்.